வி.டி.ஆர்.எல். ரிப்போர்ட்டும் நான் கேட்ட கேள்வியும்



பேசக் கூச்சமான விஷயம்தான். சம்பந்தப்பட்ட பெண்ணின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர், ஊர் கேட்காதீர்கள்.

சில மாதங்களுக்கு முன் ராத்திரி பத்து மணிக்கு என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். அவளுக்கு அப்போது மூன்றாம் மாதம். கர்ப்பிணிகள் எல்லாருக்கும் எடுக்கிற ரத்தப் பரிசோதனையில் வி.டி.ஆர்.எல். 'ரியாக்டிவ் 1:2' என்று வந்திருக்கிறது. சிபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கான டெஸ்ட் அது. லேபில் இருந்தவர் மாமியார் எதிரிலேயே போட்டு உடைத்துவிட்டார்.

"நான் எந்தத் தப்பும் பண்ணல டீச்சர்" என்று அழுதாள்.

"அப்போ உன் வீட்டுக்காரரைக் கேட்டியா?" என்றேன். முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவள் கேட்ட கேள்வி! இன்னும் உறுத்துகிறது.

மறுநாள் அவளோடு அரசு மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். வி.டி.ஆர்.எல். கிருமியைத் தேடுவதில்லை. கார்டியோலிபின் என்ற கொழுப்புப் பொருளுக்கு எதிராக ரத்தத்தில் உண்டாகும் எதிர்பொருளைத்தான் பார்க்கிறது. சிபிலிஸில் அது உண்டாகும். மலேரியா, லூபஸ் போன்ற நோய்களிலும், சிலருக்குக் கர்ப்பத்திலும்கூட உண்டாகும். கிருமிக்கே உரிய எதிர்பொருளைப் பார்க்கிற டி.பி.எச்.ஏ. எடுக்காமல் முடிவு சொல்லக்கூடாது.

எடுத்தார்கள். நெகட்டிவ். தொற்று புதிதாக இருந்தால் அதுவும் ஆரம்பத்தில் தவறவிடலாம் என்று சில வாரம் கழித்து மறுபடி பார்த்தார்கள். அப்போதும் நெகட்டிவ். கணவருக்கும் அப்படியே.

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். ஒரு பேச்சுக்கு, 1000 பேரில் 5 பேருக்கு நோய் என்று வையுங்கள். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு ஒருவருக்கு டெஸ்ட் தப்பாகக் காட்டினாலே ஏறக்குறைய 10 பேர். ஆக 'ரியாக்டிவ்' வந்த 15 பேரில் 10 பேருக்கு நோயே கிடையாது. பத்தாம் வகுப்பு நிகழ்தகவுதான்! அந்த ராத்திரி எனக்குத் தோன்றவில்லை.

அதற்காக டெஸ்டே வேண்டாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நிஜமாகவே சிபிலிஸ் இருந்து கவனிக்காமல் விட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துபோகலாம். பென்சிலின் ஊசியில் குணமாகிற நோய் அது. எச்.ஐ.வி.க்கும் அப்படித்தான்: அறிகுறி இல்லாத ஒருவருக்கு மூன்று வெவ்வேறு கிட்டில் பார்த்த பிறகே அரசு நம்பிக்கை மையத்தில் 'பாசிட்டிவ்' என்று எழுதுவார்கள்.

அவளுக்குப் போன மாதம் பெண் குழந்தை பிறந்தது. மாமியார் இன்னும் சரியாக முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம். "நீங்க எழுதுங்க டீச்சர், அத்தைக்குப் படிச்சுக் காட்டுறேன்" என்றாள். அதற்காகத்தான் எழுதினேன்.