நெக்ரிலில் ஓர் அறை

பொத்துவிலில் பிறந்து, 28 வயது வரை கடலுக்கு அரைக்கட்டைத் தூரத்தில் வாழ்ந்தவன் நான். என் மகளோ 13 வயதாகியும் கடலில் இறங்கிக் குளித்ததில்லை. ஊரில் சொன்னால் பகிடி என்றுதான் நினைப்பார்கள். இரண்டு முறை அவளை ஊருக்குக் கூட்டிப்போனோம். இரண்டு முறையும் என் மனைவி அவளது கையை இறுகப் பிடித்தபடி, ஈரமணல் தொடங்கும் இடத்தோடு நின்றுவிட்டாள். 2004 டிசம்பர் 26இல் மனைவியின் தங்கச்சியைக் கடல் கொண்டுபோனது. அதன் பிறகு அவள் கடலுக்கு முதுகு காட்டி நின்றதை நான் கண்டதில்லை.

அப்படிப்பட்டவள்தான் 2025 ஜூலையில் ஓரிரவு, ரொறன்ரோ வீட்டில் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்: "புள்ளைக்கு நீச்சல் தெரியும்தானே. ஒருக்காக் கடலுக்குப் போவம். ஆனா நம்மட கடலுக்கு இல்ல. வேற கடல்."

நான் மறுபேச்சுப் பேசவில்லை. அவளது மனம் மாறுமுன் கணினியைத் திறந்தேன்.

கனடாவில் குளிர்காலத்தில் 'வேற கடல்' என்றால் அது கரீபியன்தான். நான்கு மணித்தியாலத்துக்குச் சற்றுக் கூடுதலான பறப்பு. முதலில் நாளைப் பார்த்தோம். மார்ச் மாதப் பாடசாலை விடுமுறை நோன்பின் கடைசிப் பத்தோடு வந்து விழுந்தது. கோடை விடுமுறையில் போகலாம் என்றால், ஜூன் முதலாந் திகதி தொடக்கம் நவம்பர் 30 வரை அங்கே சூறாவளிக் காலம். எஞ்சியது டிசம்பர் கடைசி இரண்டு கிழமை. டிசம்பர் நடுப்பகுதியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை அந்தத் தீவுகளில் விலை உச்சியில் நிற்கும். ஆனாலும் வேறு வழியில்லை. டிசம்பர் 26 அதற்குள் வருகிறது என்பதை நாங்கள் இருவரும் கவனித்தோம். இருவரும் அதைப் பற்றிக் கதைக்கவில்லை.

அடுத்தது ஊர். மலிவாகக் கிடைத்தவை எல்லாம் 'எல்லாம் அடக்கம்' வகை விடுதிகள். கையில் ஒரு பட்டி கட்டிவிடுவார்கள். அறை, சாப்பாடு, மதுபானம் எல்லாம் ஒரே விலைக்குள். நாங்கள் தொடாத போத்தல்களுக்கும் சேர்த்து நாங்கள் காசு கட்ட வேண்டும். மதில் தாண்டி வெளியே வராமலே ஒரு கிழமையைக் கழித்துவிட்டு, அந்த நாட்டைப் பார்த்தோம் என்று திரும்பிவிடலாம். எனக்கு அதில் மனம் ஒட்டவில்லை. என்னோடு வேலை செய்பவர் ஒருவர் ஜமைக்காவின் வெஸ்ட்மோர்லண்ட் மாவட்டத்துக்காரர். மதியச் சாப்பாட்டுக்கு ஆட்டுக்கறி கொண்டுவருவார். மஞ்சள் கொஞ்சம் தூக்கலாக இருக்கும். அவர்தான் நெக்ரில் என்றார்.

நெக்ரில், ஜமைக்காவின் மேற்கு முனையில், வெஸ்ட்மோர்லண்ட், ஹனோவர் என்ற இரண்டு மாவட்டங்களின் எல்லையில் கிடக்கும் சிறிய ஊர். மொண்டேகோ பே விமான நிலையத்திலிருந்து ஒன்றரை மணித்தியால வாகன ஓட்டம். ஒரு பக்கம் ஏழு மைல் என்று பெயர் வாங்கிய வெண்மணற்கரை. அளந்தால் அவ்வளவு வராது. மறுபக்கம் செங்குத்துப் பாறைக்கரையும் 1894இல் கட்டிய வெளிச்சவீடும். கரைக்குப் பின்னால் பெரிய சதுப்புநிலம். 1950களின் இறுதியில் சரியான றோட்டு வந்து சேரும் வரை அது மீனவக் குடிகளின் இடம். அறுபதுகளின் கடைசியில் முதுகுப்பையோடு வந்த வெள்ளைக்கார இளைஞர்கள் ஊரவரின் வீடுகளிலேயே பாய் விரித்துப் படுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த வீடுகளே விடுதிகளாயின. தென்னை மரத்துக்கு மேல் உயரக் கட்டடம் கட்டக்கூடாது என்றொரு வரையறையும் அங்கே இருந்தது. வேடிக்கை என்னவென்றால், ஒரு மஞ்சள் நோய் வந்து ஜமைக்காவின் நெட்டைத் தென்னைகளை இலட்சக்கணக்கில் அழித்தது. பதிலுக்கு மலாயாக் குட்டைத் தென்னையை நட்டார்கள். கட்டடக்காரர்கள் எந்தத் தென்னையை வைத்து அளந்தார்களோ!

வாசிக்க வாசிக்க எனக்கு உல்லைதான் கண்ணுக்குள் வந்தது. வெளிநாட்டார் அறுகம்பே என்று அழைக்கும் எங்கள் உல்லை. அலைச்சறுக்கு ஆட்கள் வந்து, மீன்வாடிகளுக்கு நடுவே தங்கி, ஒரு கரையே பெயர் மாறிய கதை. ராத்தாவின் மாப்பிள்ளை அங்கே கிடுகு வேய்ந்த ஆறு கபானா போட்டிருந்தார். 2002 யுத்தநிறுத்தத்துக்குப் பிறகு ஆட்கள் குவிந்தார்கள். மச்சானுக்கு இங்கிலீசு ஓடாது. கடிதம், மின்னஞ்சல் எல்லாவற்றுக்கும் பதில் எழுதியது நான். கடல் எத்தனை மீற்றரில்? நுளம்பு கடிக்குமா? குழாய்த் தண்ணீர் குடிக்கலாமா? இரவில் பெண்கள் தனியே நடக்கலாமா? பள்ளிவாசல் சத்தம் எத்தனை மணிக்கு? ஒரு நாளைக்குப் பத்துத் தரம் எழுதிய பதில்கள். சில கேள்விகளுக்கு மனதுக்குள் சிரிப்பேன். சிலவற்றுக்குக் கோபம் வரும்.

22 வருசம் கழித்து, நெக்ரிலில் நான்கு அறை கொண்ட ஒரு வீட்டின் சொந்தக்காரப் பெண்மணிக்கு நான் எழுதிய முதல் மின்னஞ்சலை அனுப்பிய பிறகு திருப்பி வாசித்தேன். கடல் எத்தனை மீற்றரில்? நுளம்பு கடிக்குமா? இரவில் நடக்கலாமா? ஒன்று பாக்கி இல்லாமல் எல்லாம் இருந்தன.

அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். பன்றி இல்லாத சாப்பாடு வேண்டும் என்று கேட்டதற்கு, பக்கத்து வீட்டு ரஸ்தாக்காரர் பன்றியைத் தொடவே மாட்டார், அவரே சமைப்பார் என்றார். மரக்கறியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து அவர்கள் சமைக்கும் சாப்பாட்டுக்கு ஐட்டல் என்று பெயர். மீனுக்குப் பஞ்சமில்லை. ஈரப்பலாவைச் சுட்டுத் தருவார்களாம். 'ஈரப்பலாவா?' என்று மனைவி நிமிர்ந்து பார்த்தாள். ரஹித்தியிலிருந்து 1793இல் கப்பலில் கொண்டுவந்து, அடிமைகளுக்கு மலிவான சாப்பாடாக நட்ட மரம் அது. ஆட்டுக்கறி வந்த கதையும் அப்படியானதே. அடிமைமுறை ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டத்துக்கு இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிய முதற்கப்பல் 1845 மே மாதம் ஜமைக்காவில் ஆள் இறக்கியது. அவர்களில் முஸ்லிம்களும் இருந்தார்கள். வெஸ்ட்மோர்லண்டில் இருக்கும் பள்ளிவாசலும் அந்த வழி வந்தவர்கள் எழுப்பியது. எங்கள் மலையகக் கதையை வேறு கடலோரத்தில் வைத்து வாசிப்பது போல இருந்தது.

அவர்களுக்கும் முன்னர் வேறு சிலர் இருந்திருக்கிறார்கள். நூலகத்தில் சூறாவளிகளைப் பற்றிப் புத்தகம் தேடியபோது வேறொன்று கையில் அகப்பட்டது. திம்புக்துவில் பிறந்து, பிடிபட்டு, ஜமைக்காவில் அடிமையாக விற்கப்பட்ட அபூபக்கர் அல் சித்தீக் என்பவரின் கதை. எஜமானின் கணக்கை ஆங்கிலச் சொற்களிலேயே, ஆனால் அறபு எழுத்தில் எழுதி வைத்தாராம். 1834இல் விடுதலையாகித் தன் வரலாற்றை அறபியில் எழுதினார். எங்கள் உம்மம்மா மண்ணெண்ணெய்க் கணக்கை அறபுத்தமிழில் கொப்பியில் குறித்து வைப்பா. விடுமுறைக்கு அறை தேடப் போனவன் நூலகத்தில் அரை நாள் உட்கார்ந்துவிட்டேன். மனைவி, "அறைய எடுத்தாச்சா, இல்ல கிதாபு ஓதுறீங்களா?" என்றாள்.

நெக்ரிலைப் பற்றி நல்லது மட்டும் எழுதினால் பொய்யாகும். கனடா அரசின் பயண அறிவித்தல் ஜமைக்காவுக்கு 'மிகுந்த எச்சரிக்கை' என்கிறது, வன்முறைக் குற்றங்களைச் சொல்லி. நெக்ரிலில் ஒரு விடுதியின் பழக்கவழக்கங்கள் இந்தப் பக்கங்களில் எழுதத்தக்கவையல்ல. வரைபடத்தில் அது எங்கே என்று குறித்துக்கொண்டேன், அந்தப் பக்கம் அறை பார்க்காமல் இருப்பதற்காக. எனக்கு மிகவும் உறைத்தது வேறொன்று. ஜமைக்காவின் 1956ஆம் ஆண்டுக் கடற்கரைச் சட்டப்படி, கடலில் குளிப்பது பொதுசனத்தின் பொதுவான உரிமை அல்ல. விடுதிகள் கரையை வேலியடைக்க, ஊரவர் நீதிமன்றப் படி ஏறுகிறார்கள். 2005இல் எங்களுக்கு 200 மீற்றர் என்று ஒரு கோடு கிழித்தார்கள். கோட்டுக்குள் மீனவர் வீடு கட்டக்கூடாது. ஆனால் கரையை உல்லாசப்பயண வலயமாக்கும் திட்டம் கொழும்பில் தயாராக இருந்தது. அந்தக் கோட்டுக்குள் வாடி இழந்தவர்கள் எனக்குத் தெரிந்தவர்கள். ஆகவே அந்தப் பெண்மணியிடம் கேட்டேன்: உங்கள் வீட்டின் முன்னால் கரைக்கு வேலி உண்டா? 'வேலி போட என்னிடம் காசும் இல்லை, மனமும் இல்லை' என்று பதில் வந்தது. அன்றே முற்பணம் அனுப்பினேன். அது செப்டெம்பர்.

ஒக்டோபர் 28ஆம் திகதி மெலிசா சூறாவளி ஜமைக்காவில் கரையேறியது. ஐந்தாம் வகை. மணிக்கு ஏறத்தாழ 295 கிலோமீற்றர் காற்று. அந்தத் தீவின் பதிவுகளில் அதைவிடப் பலமாக ஒன்று கரை தொட்டதில்லை. கரையேறிய இடம் வெஸ்ட்மோர்லண்ட். அயல் மாவட்டத்தின் பிளாக் ரிவர் நகரத்தைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். கூரை என்று ஒன்று மிஞ்சவில்லை. என் வேலைத்தள நண்பர் மூன்று நாள் ஊரோடு தொடர்பு இல்லாமல் தவித்தார். நெக்ரில் ஒப்பீட்டளவில் தப்பியது என்றார்கள். அந்த வீட்டைப் பற்றி ஒரு தகவலும் இல்லை.

நான்காம் நாள் உட்கார்ந்து மின்னஞ்சல் எழுதினேன். உங்கள் துயரில் பங்குகொள்கிறோம். இந்த நேரத்தில் உங்களுக்குச் சுமையாக இருக்க விரும்பவில்லை. முற்பணத்தைப் பற்றி யோசிக்க வேண்டாம். இன்னொரு வருடம் நிச்சயமாக வருவோம்.

அனுப்பவில்லை. ஏனென்றால் அந்த வசனங்கள் என்னுடையவை அல்ல. 2005 ஜனவரியில் அக்கரைப்பற்றில் ஒரு கடையில் இருந்து மச்சானின் மின்னஞ்சலைத் திறந்தபோது அவை வந்து கிடந்தன, ஜேர்மனியிலிருந்து, அவுஸ்திரேலியாவிலிருந்து, இங்கிலாந்திலிருந்து. எல்லாம் அன்பான கடிதங்கள். ஒருவரிலும் குறை சொல்ல முடியாது. ஒருவரும் வரவில்லை. கபானா ஆறும் போய், ஆட்களும் வராமல், மச்சான் இரண்டு வருசம் கட்டாரில் கொங்கிரீட் சுமந்தார். 2024 ஒக்டோபரில் அமெரிக்கத் தூதரகத்தின் ஓர் எச்சரிக்கை வந்ததும் உல்லை இரண்டே நாளில் வெறிச்சோடிப்போனது என்று ராத்தா சொல்லி அழுததும் நினைவில் இருந்தது.

ஆனால் அதற்கு மறுபக்கமும் உண்டு. பிளாக் ரிவரில் சனம் கூரையில்லாமல் கிடக்க, நாற்பது கட்டைக்கு அப்பால் நாங்கள் கடலில் குளித்துக் கூத்தடிப்பதா? குடிதண்ணீரைப் பங்குபோட இன்னும் மூன்று வாயா? மனைவி இதைத்தான் கேட்டாள். சுனாமி முடிந்த இரண்டாம் கிழமை, மையித்துத் தோண்டிய இடத்தில் நின்று படம் எடுத்த ஒருவனை அவள் இன்னும் மறக்கவில்லை.

ராத்தாவுக்குப் போன் எடுத்தேன்.

"அவவிட்டயே கேளன் தம்பி. நம்மளிட்ட ஆரும் கேக்கல்ல. வரட்டுமா, வரவேணாமாண்டு ஒரு மனிசனும் கேக்கல்ல. அவகளே முடிவெடுத்து, அவகளே கவலப்பட்டு, அவகளே நிண்டுட்டாக."

கேட்டேன். ஒரு வரிதான்: நாங்கள் வருவது உங்களுக்கு உதவியா, உபத்திரவமா? உண்மையைச் சொல்லுங்கள்.

பதினொரு நாள் கழித்துப் பதில் வந்தது. தொலைபேசிக் கோபுரம் விழுந்திருந்ததாம். இரண்டு அறைக்குக் கூரை போய்விட்டது, மாமரமும் போய்விட்டது. இரண்டு அறையைத் திருத்துகிறேன். சுற்றுலா அமைச்சு டிசம்பர் 15ஐ இலக்காகச் சொல்லியிருக்கிறது, நம்பலாமா தெரியாது. சுடுதண்ணீர் இல்லை. மின்சாரம் வந்து போகும். உங்கள் முற்பணத்தைத் தகரத்துக்குக் கொடுத்துவிட்டேன், ஆகவே திருப்பித் தர முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்து ரஸ்தாக்காரர் சமையலுக்கு ஆள் வருமா என்று தினமும் கேட்கிறார். வாருங்கள்.

தகரத்துக் கணக்கை ஒளிக்காமல் சொன்னது மனைவிக்குப் பிடித்துவிட்டது. "இவ நம்மட ஆள்" என்றாள்.

சரியாக ஒரு மாதத்தில், நவம்பர் 28இல், டித்வா இலங்கையைப் புரட்டியது. ஊரிலும் வெள்ளம், மலையகத்தில் மண்சரிவில் வீடுகளோடு சனம் புதைந்தது. ராத்தா பத்திரம் என்று அறிய இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளுக்குள் நெக்ரிலிலிருந்து ஒரு செய்தி வந்தது. உங்கள் நாட்டைச் செய்தியில் பார்த்தேன், உங்கள் ஆட்கள் சுகமா, இந்த நிலையில் உங்களால் வர முடியுமா என்று. அரைவாசிக் கூரையோடு இருந்த பெண் கேட்டது.

விமானச்சீட்டை மாற்றவில்லை. பெட்டியில் நீச்சல் உடுப்புகளோடு, அவர் கேட்டபடி இரண்டு சூரியசக்தி விளக்குகளும் தகரம் அடிக்கும் ஆணிப் பைக்கற்றுகளும் ஏறின. நிறை கூடாதா என்று மகள் பெட்டியைத் தராசில் ஏற்றி ஏற்றி இறக்கினாள்.

டிசம்பர் இரண்டாம் கிழமை கடைசிக் கேள்வி வந்தது. இரண்டு அறையும் தயார். ஒன்று கடலைப் பார்த்தது, ஒன்று றோட்டைப் பார்த்தது. உங்கள் பிள்ளைக்கு எது, உங்களுக்கு எது?

"கடல்" என்றாள் மகள்.

"அவள் தனியப் படுக்கிறதா?" என்றாள் மனைவி. பிறகு, தேயிலை ஆறும் வரைக்கும் ஒன்றும் சொல்லவில்லை. நான் விசைப்பலகையில் கை வைத்தபடி அவளது வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நானும் புள்ளையும் கடல் பக்கத்து அறையில. நீங்க றோட்டுப் பக்கம் படுங்க" என்றாள். "கதவுக்கு உள்பக்கம் கொண்டி இருக்காண்டு கேட்டு எழுதுங்க."