திளாப்பும் ஜெபமும்

உடன்குடிக்கு அருகே விரிந்து கிடக்கும் செம்மணல் தேரியிலே, மாசியில் பாளை கட்டத் தொடங்கி ஆடியில் அரிவாளைக் கழுவி வைக்கும் வரையில், தினமும் 40 பனைகளைக் காலையும் மாலையும் ஏறி இறங்கி, 27 வருஷகாலம் ஜீவனம் நடத்தியவன் நான். முழங்கால்கள் இப்பொழுது மடங்க மறுக்கின்றன. ஏறிய காலத்தில் யோசிக்க நேரமில்லாதிருந்த ஒரு காரியத்தை, பதநீர் காய்ச்சும் குடிசையாகிய விடிலியின் வாசலில் உட்கார்ந்துகொண்டு எழுதிப் பார்க்கிறேன்.

பனையேற்றம் கைப்பலத்தினால் ஆவதென்று பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். நானும் தொழிலுக்கு வந்த புதிதில் அப்படியே நினைத்து, மரத்தை நெஞ்சோடு சேர்த்து இறுக்கி, பத்து முழம் ஏறுமுன்னே தோள் சோர்ந்து, மார்புத் தோல் உரிந்து இறங்கி வருவேன். இரண்டு பாதங்களையும் திளாப்புக்குள் நுழைத்து, உள்ளங்கால்களால் மரத்தைக் கவ்வி, சரீரத்தின் பாரமெல்லாம் அந்த நார் வளையத்திலும் மரத்தின் சொரசொரப்பிலும் இறங்கும்படி விட்டுக் கொடுப்பதே வித்தை. கை அணைப்பதற்கு மாத்திரமே. என் தகப்பனார் அடியில் நின்று, “மரத்த நெரிக்காதலே, அதுல சாஞ்சி நில்லு” என்பார். பயந்தவன் நெரிப்பான், நெரித்தவன் களைப்பான், களைத்தவனுக்குப் பயம் இரட்டிக்கும்.

இதை அப்படியே விசுவாசத்துக்கு உவமையாக்கிவிடப் பிரசங்கிமாருக்கு ஆசை உண்டு. பனையைத் தொட்டறியாத ஒருவர், 92-ஆம் சங்கீதத்தை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் எங்களுக்கே பனையைப் பற்றிப் போதித்ததைக் கேட்டிருக்கிறேன். அந்தச் சங்கீதக்காரர் கண்டது பேரீச்சை. தமிழ் வேதத்தில் அது பனையென்று இருப்பது எங்கள் பாக்கியம். ஆனால் உவமையோடு காரியம் முடிந்துவிடுவதில்லை. அந்த வித்தையை எனக்குக் கற்பித்தவரும், ஒவ்வொரு மரத்தடியிலும் தலைத்துண்டை அவிழ்த்து ஜெபித்த பின்னரே காலை வைத்தவருமான என் தகப்பனார், கோடைமழை பெய்து மரம் வழுக்கிய ஒரு சாயங்காலத்திலே விழுந்து, மூன்றாம் நாள் மரித்துப் போனார். அன்றைக்கும் அவர் ஜெபித்தே ஏறினார்.

அதற்குப் பின் மூன்று வருஷம் நான் வைராக்கியத்தினால் ஏறினேன். தலைத்துண்டை அவிழ்ப்பது சம்பிரதாயமாக நின்றதே தவிர, என் புயமும் என் கவனமும் என் பிடிவாதமுமே என்னைத் தாங்குமென்று உள்ளுக்குள் தீர்மானம் பண்ணியிருந்தேன். கோவில் மணிக்கு முன்பே ஞாயிற்றுக்கிழமை மரங்களை முடித்துவிட்டு வந்து பின்வரிசையில் அமருவேன். பாளையை ஒரு நாள் சீவாமல் விட்டால் வெட்டுவாய் காய்ந்து சுரப்பு தடைப்படும் ஆகையால், பனைக்கு ஓய்வுநாள் கிடையாது. எனக்கும் அப்பொழுது அகத்திலே ஓய்வு இருக்கவில்லை.

காய்ச்சலில் பத்து நாள் கிடந்து எழுந்த ஒரு பங்குனி விடியலில், ஓர் ஆண்பனையின் உச்சிக்குக் கொஞ்சம் கீழே என் கால்கள் நடுங்கத் தொடங்கின. நில்லுங்கள் என்று நான் கட்டளையிடக் கட்டளையிட நடுக்கம் அதிகரித்தது. கைகள் தாமாகவே மரத்தை நெரித்தன. ஏறவும் கூடவில்லை, இறங்கவும் கூடவில்லை. கீழே வெளிச்சம் பரவுவதைப் பார்த்துக்கொண்டும் அடுத்த தோப்பில் யாரோ கலயம் தட்டுவதைக் கேட்டுக்கொண்டும், எவ்வளவு நேரம் அப்படியே தொங்கினேனோ தெரியாது. முடிவில், “கர்த்தாவே, என்னாலே முடியாது” என்று வாய்விட்டுச் சொன்னேன். அதை ஜெபமென்று சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, அது தோற்றுப்போனவனுடைய ஒப்புதல். ஆகாயத்திலிருந்து சத்தம் ஒன்றும் உண்டாகவில்லை. கை மாத்திரம் தளர்ந்தது. பாரம் பாதத்துக்கு இறங்கிற்று. திளாப்பு தாங்கிற்று.

சரீர சாஸ்திரம் அறிந்தவர் இதற்கு வேறு காரணம் கூறலாம், நான் வாதாட மாட்டேன். என் சொந்தச் சித்தத்தினாலே மூடிய கையை என் சொந்தச் சித்தத்தினாலே திறக்கக் கூடாமற்போனதை மட்டும் நான் அறிவேன். பவுல் தம்முடைய சரீரத்து முள்ளுக்காக மும்முறை வேண்டியும் அது எடுபடவில்லையென்று கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் 12-ஆம் அதிகாரத்தை அதற்கு முன் பலமுறை கேட்டிருந்தும், முள் எடுபடாமலே ஒருவன் நடக்க முடியும் என்பதைத்தான் அவர் சொல்கிறார் என்பது எனக்கு அந்த வாரத்திலேதான் விளங்கிற்று. தகப்பனார் ஏன் விழுந்தார் என்பது இன்னமும் விளங்கவில்லை. நைந்த நாரை மாற்றாமல் ஜெபித்து ஏறுகிறவனுக்கு விசுவாசி என்ற பெயரை நான் கொடுக்க மாட்டேன். ஆனாலும் புது நாரைக் கட்டி ஏறிய என் தகப்பனார் விழுந்தாரே.

இந்த வருஷம் பேரன் ஏறப் பழகுகிறான். நேற்று மார்பெல்லாம் உரிந்து வந்தவனுக்குத் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டே, என் தகப்பனாருடைய வார்த்தையைச் சொன்னேன். “நெரிக்காம எப்படி தாத்தா நிக்க?” என்றான். பதில் சொல்ல வரவில்லை. திளாப்பைக் கொண்டுவா என்றேன். முடிச்சு சற்றுத் தளர்ந்திருந்தது. அவிழ்த்து, நனைத்து, மறுபடி கட்டிக் கொடுத்தேன்.