ஓசையும் அமைதியும்

பேச்சறியாக் குழவி தன் நோயைச் சொல்லால் உணர்த்துவதில்லை, ஒலியாலேயே உணர்த்துகின்றது. அவ்வொலியின் பொருளறிதல் தாயொருத்தி இரவுகளில் கற்கும் கல்வி. அக்கல்வியும் பிழைபடக்கூடும் என்பதற்குக் 'குரூப்' என்னும் குரல்வளை அழற்சி தக்க சான்றாகும்.

1765ஆம் ஆண்டில் எடின்பரோ மருத்துவர் பிரான்சிஸ் ஹோம் இந்நோய்பற்றித் தனிநூல் எழுதியபோது, ஸ்கொத்லாந்து மக்களின் பேச்சு வழக்கிலிருந்த இப்பெயரையே எடுத்தாண்டார். கரகரத்த குரலைக் குறித்த சொல் அது. அந்நாளில் தொண்டைக்கரப்பனும் இப்பெயருள் அடங்கியிருந்தது. தடுப்பூசி அதனை அரிதாக்கியபின், இன்று இப்பெயர் பெரிதும் பரா இன்புளுவென்சா முதலிய வைரசுகளால் விளையும் நோயையே குறிக்கின்றது.

ஆறு மாதம் முதல் மூன்று வயதுவரையுள்ள குழந்தைகளையே இது பெரிதும் பற்றும். பகலில் வெறுந் தடிமனாகத் தோன்றியது, நள்ளிரவில் நாய் குரைப்பதனையொத்த இருமலாக மாறும். மூச்சு உட்செல்லுந்தோறும் கீச்சொலி எழும். குரல்நாண்களுக்குக் கீழேயுள்ள கசியிழையம் முழு வளையமாதலின், வீக்கம் வெளியே விரிய இடமின்றி உள்நோக்கியே வளர்கின்றது. 4 மில்லிமீற்றர் விட்டமுள்ள குழலில் சுற்றிலும் 1 மில்லிமீற்றர் வீங்கினால், விட்டம் பாதியாகும். காற்றுச் செல்லும் பரப்போ காற்பங்காகிவிடும். வளர்ந்தோர்க்குத் தொண்டைக்கட்டாகக் கழிந்துபோகும் வீக்கமே மழலைக்கு மூச்சுப் போராட்டமாகின்றது.

அவ்வோசை கேட்டுத் தாய் நடுங்குகிறாள். அது தணிந்ததும் ஆறுதலடைகிறாள். பெரும்பாலும் அவ்வாறுதல் மெய்யானதே. சில நாள்களில் நோய் தானே நீங்கிவிடும். ஆயினும், ஓசையென்பது ஒடுங்கிய வழியிற் காற்று இன்னும் செல்கின்றது என்பதன் அறிகுறியுமாகும். விலாவிடை குழிய, உதடு நீலம்பாரிக்க, குழந்தை சோர்ந்து துவளும் வேளையில் ஓசை அடங்குமாயின், அது நலமன்று. மூச்சிழுக்கும் வலிமை குன்றியதன் அடையாளம். கணமுந் தாழ்த்தாது வைத்தியசாலையை நாடவேண்டிய வேளை அது.

அமைதியாயிருக்கும்போதும் கீச்சொலி கேட்பினும், எச்சில் விழுங்கவியலாது வடியினும் அவ்வாறே விரைதல் வேண்டும். அழுகை மூச்சுத்திணறலை மிகுவிக்குமாதலின், குழந்தையை மடியிலிருத்தித் தேற்றுவதே முதற் சிகிச்சை. கரண்டியால் தொண்டையை ஆராய்தல் தகாது. தலைமுறைகளாக நம்பப்பட்ட நீராவியால் பயனில்லையென ஆய்வுகள் காட்டின. அதனாற் சுடுபுண் நேர்வதுமுண்டு. வைத்தியர் அளிக்கும் ஒருவேளை டெக்சாமெதசோன் சில மணி நேரத்தில் வீக்கத்தைத் தணிக்கின்றது.

ஓசை ஓய்ந்தவுடன் விளக்கை அணைத்துவிடாது, சட்டையை விலக்கி மார்பின் அசைவை ஒருகணம் நோக்கும் தாய், செவி பிழைத்த இடத்திற் கண்ணாற் காக்கின்றாள்.