பிதுக்கினால் மிச்சம்

டிசம்பர் பிறந்தால் மல்லேஸ்வரம் எட்டாவது கிராஸில் பச்சை மொச்சை குவிகிறது. 1898 பிளேக்குக்குப் பின் உருவான இந்தப் பேட்டையில் பனிக்கால மணம் அதுதான். காயில் ஏறும் அந்த எண்ணெய்ப் பசை வாசனைக்குக் கன்னடத்தில் 'சொகடு' என்று பெயர்.

விலையில் மூன்று படி. காய் மலிவு, உரித்த கொட்டை கூடுதல், தோல் நீக்கிய பருப்பு இன்னும் கூடுதல். அறை எடுத்துத் தங்கியிருக்கும் மாணவர்கள் காயையே வாங்குகிறார்கள். மிச்சக் காசை விரல்கள் சம்பாதிக்கின்றன.

லசான்யா ஆசைக்கும் இந்த மொச்சை போதும். மாவுத் தகடும் மசாலாவும் மாறிமாறி அடுக்குவதுதானே அது! உரித்த கொட்டையை இரவு ஊறவைத்து, காலையில் பிதுக்கினால் பருப்பு துள்ளி விழும். வெங்காயம், தக்காளி, பச்சைமிளகாயோடு வேகவைத்து, கனத்த வாணலியில் சப்பாத்தி, மசாலா, சப்பாத்தி, மசாலா என்று அடுக்கி, மேலே கொஞ்சம் சீஸ் துருவி, மூடி, சிறு தீயில் பத்து நிமிடம். அவன் வேண்டாம்.

பிதுக்கும் வேலைதான் நீளம். தமிழ்ப் பையனும் கன்னடப் பையனும் ஒரே தட்டைச் சுற்றி உட்கார வேண்டியிருக்கிறது. இவன் 'பிதுக்கிய பருப்பு' என்கிறான். அவன் 'ஹிதுகித பேளெ' என்கிறான். பால் 'ஹாலு' ஆன அதே கதை. தட்டு காலியாவதற்குள் இருவரிடமும் இப்படிப் பத்துச் சொற்களாவது சேர்ந்துவிடுகின்றன.