சுழன்ற பூமியும் நகராத வரிசையும்

திருக்கடையூருக்குப் பெருமை தருவன இரண்டு கதைகள் என்பர். ஒன்று, காலனைக் காலால் உதைத்து மார்க்கண்டனுக்குச் சாவில்லை என்றாக்கிய கதை. அந்தக் கதையை நம்பித்தான் அறுபது கண்டவரும் எண்பது கண்டவரும் நாள்தோறும் மாலையும் கழுத்துமாக இங்கு வந்திறங்குகின்றனர். வந்தவருள் எவரும் சாவிலிருந்து தப்பியதாக இதுவரை செய்தி இல்லை! மற்றொன்று, அமாவாசையைப் பௌர்ணமியாக்கிய கதை. மன்னன் சரபோஜி திதி கேட்டான். பட்டர் தம்மை மறந்த நிலையில் பௌர்ணமி என்றார். எரியும் குழிக்குமேல் உறியில் நின்று அந்தாதி பாடினார். எழுபத்தொன்பதாம் பாட்டில் அபிராமி தன் காதணியைக் கழற்றி வானில் வீச, அது முழுநிலவாய் ஒளிர்ந்ததாம். அந்தாதியின் தமிழ் இனிது. அதில் நமக்கு மாறுபாடு இல்லை. வானில் வீசிய தோட்டைத்தான் வகுப்பறைக்குள் கொண்டுவர இயலவில்லை.

இவ்வூர்ப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வது நம் தொழில். மேசை விளக்கைக் கதிரவனாக்கி, மாணவன் ஒருவன் தலையைப் பூமியாக்கி, ரப்பர்ப் பந்தை நிலவாக்கிச் சுற்றிக் காட்டுவோம். சென்ற ஆண்டு ஒரு சிறுவன் எழுந்து, "ஐயா, தை அமாவாசை அன்று பந்து எங்கே இருந்தது?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. "விளக்குக்கும் உன் தலைக்கும் நடுவில்" என்றோம். அவனுக்குப் புரிந்தது. வீட்டிற்குச் சென்று பாட்டியிடம் கூறி அடியும் வாங்கினான் என்று பின்னர் அறிந்தோம்.

இதே வானநூற் பாடத்தை இருநூறு ஆண்டுகட்கு முன்பே தமிழ்ப் பாட்டில் வைத்தவர் ஒருவர் இருந்தார். அவர் அதைக் கற்ற இடம் எதுவெனில், நம் ஊருக்குத் தெற்கே, சைக்கிளில் ஒரு மணி நேரத்துக்குள் சென்றுவிடக் கூடிய தரங்கம்பாடி! அவர் பகுத்தறிவாளரோ எனில், அல்லர். விவிலியத்தின் ஒவ்வோர் எழுத்தும் இறைவாக்கு என்று நம்பிய பழுத்த கிருத்தவர். தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் என்பது அவர் பெயர். மாயூரத்தில் முன்சீப்பாக இருந்து "பிரதாப முதலியார் சரித்திரம்" எழுதிய வேதநாயகம் பிள்ளை வேறு; இருவரையும் ஒருவராக எண்ணிப் பேசும் பேச்சாளர் நம் மேடைகளிலும் உண்டு.

தரங்கம்பாடி அன்று டென்மார்க்கு மன்னனின் வணிகத் துறைமுகம். 1706 சூலை 9 அன்று சீகன்பால்கும் புளூட்சாவும் அங்கே கரையேறினர். செர்மனியின் ஆலே நகரத்துப் பக்தி இயக்கத்தில் ஊறியவர்கள் அவர்கள். சமயத்தில் அணுவளவும் நெகிழாத மரபினர் எனினும், அறிவுக் கருவிகளுக்கு அஞ்சாதவர்கள். அச்சகம் வைத்தனர்; தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டனர்; பொறையாற்றில் காகித ஆலை கண்டனர். தென்னாட்டுக் கடவுளர் வரலாற்றை ஆராய்ந்து சீகன்பால்கு 1713 இல் நூலாக எழுதியனுப்பினார். அதைப் பெற்ற ஆலே பெரியவர்களோ, பிற சமயப் பொய்களை ஐரோப்பாவில் பரப்புவதற்கா உம்மை அனுப்பினோம் என்ற நோக்கில் அதை அடைத்து வைத்தனர். 1867 வரை அது அச்சேறவில்லை. வைதீகம் எந்த மொழி பேசினாலும் பூட்டுமட்டும் ஒன்றுதான்!

பின்வந்தோர் காலத்தில் அறிவியல் நாட்டம் இன்னும் வளர்ந்தது. தாவர இயல் மேதை லின்னேயசின் மாணவரான கோனிக், 1768 இல் மிஷன் மருத்துவராக வந்தார். ஜான் பாதிரியார் சிப்பிகளையும் மீன்களையும் திரட்டி ஐரோப்பிய அறிஞர்களுக்கு அனுப்பினார். நம் வயல் வரப்பில் காணும் இருதலை மணியன் பாம்பின் அறிவியற் பெயரில் அந்த ஜானின் பெயர்தான் இன்றும் இருக்கிறது. இருதலையும் இல்லை, மணியும் இல்லை என்று கண்டறிய அறிவியல் வேண்டியிருந்தது. அந்தப் பாம்பை வீட்டில் வைத்தால் செல்வம் கொழிக்கும் என்று இன்றும் ஏமாறுவோர் இருக்கின்றனரே! இறைவன் எழுதிய நூல்கள் இரண்டு, ஒன்று வேதம், மற்றொன்று இயற்கை. இரண்டையும் படி என்பது அன்றைய பாதிரிமார் பலரின் கொள்கை.

1774 இல் நெல்லையில் வேளாளர் குடியில் பிறந்த வேதநாயகத்தைச் சுவார்ட்சு பாதிரியார் சிறுவயதிலேயே தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தார். பின்னர் அரியணை ஏறிய இரண்டாம் சரபோஜியும் அந்தப் பாதிரியார் நிழலில் வளர்ந்தவரே. தரங்கம்பாடியில் ஜான் முதலியோரிடம் சமய நூலோடு வானநூலும் உடற்கூறும் கற்ற வேதநாயகம், தம் "பெத்லகேம் குறவஞ்சி"யில் கதிரவனை நடுவில் வைத்துக் கோள்கள் சுற்றும் முறையை அமைத்தார். ஏறத்தாழ 1800 இல்! கோபர்நிக்கசின் நூல் ரோமாபுரியின் தடைப்பட்டியலிலிருந்து விடுபட்டது 1835 இல்தான் என்பதைத் தோழர்கள் நினைவிற் கொள்ளவேண்டும். போப்பாண்டவரின் பட்டியல் பூட்டி வைத்திருந்த காலத்தில், காவிரிக் கரையில் பூமி தமிழ்ப் பாட்டில் சுழன்றுகொண்டிருந்தது. 1814 இல் "சாஸ்திரக் கும்மி" என்றொரு நூலும் பாடி, மக்களின் மூடப் பழக்கங்களை எள்ளி நகையாடினார். இன்றைய நம் தோழர்கள் அவரைக் கண்டிருந்தால் மாலையோடு ஓடியிருப்பர்.

ஓடுமுன் 1829 ஐயும் பார்த்துவிட வேண்டும்.

அவ்வாண்டளவில் தஞ்சைச் சபையில் புதிய பாதிரிமார், உயர் சாதியாரும் ஒடுக்கப்பட்டோரும் கோயிலில் தனித்தனியே அமரும் வழக்கத்தை ஒழிக்க முற்பட்டனர். எதிர்த்து எழுந்தவர்களுள் முன்னின்றவர் யார்? பூமியைச் சுழற்றிய அதே வேதநாயகம்! பாதிரிமார் இழைத்த கொடுமைகள் என நான்கைக் கூறி வழக்காடினார். தமிழ் வேத மொழிபெயர்ப்பைத் திருத்தியது ஒன்று. மணத்திலும் சாவிலும் மலரை விலக்கியது ஒன்று. கோயிலில் தமிழிசையைத் தடுத்தது ஒன்று. சாதிகளைக் கலந்து உட்காரவைத்தது ஒன்று. முதல் மூன்றையும் படிக்கையில், குறிப்பாகத் தமிழிசையைப் படிக்கையில், நம் நெஞ்சு அவர் பக்கம் சாய்கிறது. ஐரோப்பிய மெட்டுக்குத் தமிழன் ஏன் தலையாட்ட வேண்டும்? நியாயமான சினம். ஆனால் அதே தட்டில், அதே மலர்களுக்கிடையே, நான்காவதாகச் சாதியும் அமர்ந்திருக்கிறதே! "எங்கள் மரபு" என்ற ஒரே சொல் இசைக்கும் காவலாயிற்று, இழிவுக்கும் காவலாயிற்று. மரபின் பெயரைக் கேட்டவுடன் கைதட்டும் பழக்கமுடையோர் இந்தப் பட்டியலை இருமுறை படித்தல் நலம்.

குற்றம் அவரோடு முடிவதும் இல்லை. ஒரு நூற்றாண்டு முன்னரே தரங்கம்பாடிச் சபையில் ராஜநாயக்கன் என்றொரு தொண்டர் இருந்தார். ஒடுக்கப்பட்ட குலத்தவர், படைவீரராக இருந்து உபதேசியானவர். வேளாளரான ஆரோன் 1733 இல் குருவாக உயர்த்தப்பட்டார். ராஜநாயக்கன் இறுதிவரை உயர்த்தப்படவில்லை. அவர் கையால் நற்கருணை வாங்க உயர்சாதிக் கிருத்தவர் மனங்கூசுவர் என்று தயங்கியவர்கள் யார்? தமிழர் அல்லர், செர்மனியிலிருந்து வந்த பாதிரிமார்களே! பாம்பின் தலைகளைச் சரியாக எண்ணிய மரபு, மனிதனை எண்ணும்போது தடுமாறிற்று.

1833 இல் கல்கத்தாப் பேராயர் டேனியல் வில்சன், சபையில் சாதியை உடனே, அறவே ஒழிக்கவேண்டுமென்று ஆணையிட்டார். தஞ்சை வேளாளக் கிருத்தவர் பலர் சபையை விட்டு வெளியேறினர். சாதி என்பது சமயமன்று, குடிமுறையே என்று வாதிட்டனர். அவ்வாதத்துக்கு இடங்கொடுத்த லீப்சிக் மிஷன் சில ஆண்டுகளில் தரங்கம்பாடிக்கு வந்தபோது, பலர் அங்கே போய்ச் சேர்ந்தனர். ஏசு ஒருவரே, இருக்கைக்கேற்பச் சபைமட்டும் மாறிற்று!

வானத்தை மாற்றிக்கொண்ட அறிவாளி வரிசையை மாற்ற மறுத்தது ஏன்? நாம் எண்ணிப் பார்த்த அளவில் ஒரு காரணமே தோன்றுகிறது. பூமி சுழல்வதால் எவருக்கும் இடம் பறிபோவதில்லை. அடுத்தவன் பஞ்சாங்கம் பொய்யாகும். அதில் மகிழ்ச்சியும் உண்டு. அருகில் சேரித் தோழன் வந்து அமர்ந்தாலோ தன் இடம் சிறிது சுருங்கும். விலை கொடுக்க வேண்டாத உண்மையை ஏற்பது எளிது.

வேதத்துக்கும் அறிவியலுக்கும் போர் என்றால் நம்மவர் உடனே அமெரிக்காவைக் காட்டுவர். 1925 இல் டென்னசியில் டார்வின் கொள்கையைக் கற்பித்ததற்காக ஆசிரியர் ஸ்கோப்சைக் கூண்டில் ஏற்றினார்களே என்பர். உண்மைதான். ஆனால் 2023 இல் நடுவண் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலிலிருந்து பரிணாமப் பாடம் எடுக்கப்பட்டதே, அதை எடுத்தவர் எந்தப் பாதிரியாரும் அல்லர்.

இவற்றையெல்லாம் லுத்தரன் சபையைச் சேர்ந்த மூத்த ஆசிரியர் ஒருவரிடம் கூறினோம். நமக்கு வேண்டியவர். சினக்கவில்லை. "தம்பி, எங்கள் கல்லறையில்கூடச் சுவர் எழுப்பிய ஊர்கள் இந்நாட்டில் உண்டு, திருச்சி மேலப்புதூரைச் சொல்லிக் காட்டுங்கள், தலை குனிகிறேன். ஆனால் ஒன்று கேட்கிறேன். கடவுள் இல்லை என்று உங்கள் படிப்பகத்து இளைஞர் பேசி நான் கேட்டிருக்கிறேன், நன்றாகவே பேசுகின்றனர். அவர்களுள் சேரியில் பெண் கேட்டுப் போனவர் எத்தனை பேர்?" என்றார்.

அடுத்த ஞாயிறு படிப்பகக் கூட்டத்தில் அந்தக் கேள்வியை அப்படியே வைத்தோம். சிறிது நேரம் மின்விசிறி ஓடும் ஓசைதான் கேட்டது. பிறகு ஒரு தோழர், நிலவில் மனிதன் குடியேறுவது எப்போது இயலும் என்று கேட்டார். அதற்கு நாம் விடை கூறவில்லை. மூத்தவர் கேட்ட கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, வந்திருந்த பத்தொன்பது பேரும் அவரவர் விடையோடு அடுத்த ஞாயிறு வருமாறு கேட்டுக்கொண்டோம்.