தண்ணீருக்குப் பிறகுதான் எண்ணெய்

ஞாயிற்றுக்கிழமை மாலையில் சிங்கப்பூர்த் தேக்கா சலூன்களில் உட்கார இடம் கிடைக்காது. அதனால் ஒரு வேலைநாள் காலையில் போனேன். டன்லப் ஸ்திரீட்டை ஒட்டிய சின்னக் கடை, இரண்டே நாற்காலிகள். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர் வாடிக்கையாளருக்குச் சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி படுவதற்கு முன் என்ன நடக்கிறது என்றுதான் பார்த்தேன். தாடையில் தண்ணீரைப் பீச்சி நனைத்தார். வெந்நீரில் முக்கிப் பிழிந்த துண்டை முகத்தில் போர்த்தினார். துண்டை எடுத்த பிறகு மறுபடியும் தண்ணீர் தொட்டு, முடி வளரும் திசைக்கு எதிராக விரல்களால் தேய்த்தார். அதற்கு அப்புறம்தான் நுரை. எண்ணெய்ப் பாட்டில் பக்கம் கையே போகவில்லை.

“எண்ணெய் போட மாட்டீங்களாண்ணே?”

“கேட்டா போடுவேன் தம்பி. ஆனா முதல்ல முடி ஊறணும். ஊறாத முடியில எதைத் தடவினாலும் பிளேடு இழுக்கத்தான் செய்யும்.”

நான் போனதே எண்ணெய் தேடித்தான். தாடி கம்பி மாதிரி, கழுத்துத் தோலோ லேசாகத் தொட்டாலே சிவந்துவிடும். இப்படிப்பட்டவர்களுக்குச் சவரத்துக்கு முன் பூசும் எண்ணெயைப் பலரும் சிபாரிசு செய்கிறார்கள். அவர் சொன்ன ஒரு வரியில் அந்தச் சிபாரிசு முழுவதும் இடம் மாறி உட்கார்ந்தது. முடியின் புரதம் தண்ணீரை உறிஞ்சி உப்பும், இளகும். இரண்டு மூன்று நிமிடம் நன்றாக ஊறிய முடியை அறுக்க, காய்ந்த முடிக்கு வேண்டிய அழுத்தம் தேவைப்படாது. எண்ணெயால் இந்த வேலையைச் செய்ய முடியாது. பிளேடு தோல்மேல் வழுக்கிப் போக உதவும், அவ்வளவுதான். கிராமத்தில் சோப்புகூட இல்லாமல், கிண்ணத் தண்ணீரைத் தொட்டுத் தொட்டுத் தேய்த்தே மழித்துவிட்ட தலைமுறைக்கு இது தெரிந்திருந்தது.

சரி, ஊறிய தாடிக்கு மேல் எந்த எண்ணெய்? பஃப்லோ ரோட்டு மளிகைக் கடைகளில் நம் எண்ணெய்கள் எல்லாமே இருக்கின்றன. விருதுநகர் இதயம் நல்லெண்ணெய், தூத்துக்குடி விவிடி தேங்காய் எண்ணெய், நீல நிறப் பாராசூட், விளக்கெண்ணெய், வங்காளிகள் வாங்கும் கடுகெண்ணெய். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து யோசித்தேன்.

தேங்காய் எண்ணெய்தான் என்னை அதிக நேரம் நிறுத்தியது. முடித்தண்டுக்கு உள்ளேயே போகக்கூடிய எண்ணெய் அது. 2003-இல் ரேலே, மொஹிலே என்ற இந்திய ஆய்வாளர்கள், கனிம எண்ணெயாலும் சூரியகாந்தி எண்ணெயாலும் முடியாததைத் தேங்காய் எண்ணெய் செய்கிறது, முடியின் புரத இழப்பைக் குறைக்கிறது என்று காட்டினார்கள். முடி தண்ணீரில் உப்புவதையும் அது மட்டுப்படுத்தும். தலைமுடிக்கு இது வரம். சவரத்துக்கு முன் நமக்கு வேண்டியதோ நேர் எதிர்: முடி உப்ப வேண்டும். காய்ந்த தாடியில் தேங்காய் எண்ணெயைத் தேய்த்துவிட்டு அப்புறம் முகம் கழுவுகிறவர், தண்ணீர் நுழையும் வழியைத் தானே அடைக்கிறார். பரு வரும் தோலில் அது துவாரங்களையும் அடைக்கும்.

விளக்கெண்ணெயில் சுமார் 90 விழுக்காடு ரிசினோலிக் அமிலம். அதனால்தான் அந்தப் பிசுபிசுப்பு. தனியாகப் பூசினால் பிளேடுகளுக்கு நடுவில் அப்பிக்கொண்டு கழுவக் கழுவப் போகாது. மெல்லிய எண்ணெய் ஒன்றில் சில சொட்டு கலந்துகொள்ளலாம். கடுகெண்ணெயைப் பக்கத்திலேயே சேர்க்கக் கூடாது: அதன் காரத்துக்குக் காரணமான ஐசோதயோசயனேட், கத்தி பட்ட தோலை எரிக்கும்.

அங்கிருந்து சையது ஆல்வி சாலையில் முஸ்தபா பேரங்காடிக்குப் போனேன். தாடி எண்ணெய், பாதாம் எண்ணெய் என்று அடுக்கடுக்காகப் பாட்டில்கள். ஆசியான் அழகுப்பொருள் விதிகளின்படி, உட்பொருள்களை எடை அதிகமானதிலிருந்து இறங்குவரிசையில் அச்சிட வேண்டும். ஒரு விழுக்காட்டுக்கும் குறைவானவற்றை மட்டும் கடைசியில் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். இதைத் தெரிந்துகொண்டு பாட்டிலைத் திருப்பினால் படிப்பது சுலபம். முன்னால் பாதாம் படம் போட்ட ஒன்றில் முதல் பெயர் கனிம எண்ணெய். கனிம எண்ணெய் கெட்டதல்ல. சுத்திகரித்தது, தோலைப் பெரும்பாலும் உறுத்தாது. எனக்குப் பயம் வரிசையின் நடுவில் வரும் வாசனைப் பொருள்தான்.

ஆர்ச்சர்ட் சாலைக் கடைகளில், சவரத்துக்கென்றே அழகான சிறு புட்டிகளில் விற்கும் எண்ணெய்களிலும் அதே சங்கதி. புதினா, யூகலிப்டஸ், லாவெண்டர், எலுமிச்சை. பூசியதும் வரும் குளிர்ச்சியை இதம் என்று நினைக்கிறோம்; சென்சிட்டிவ் தோலுக்கு அதுவே உறுத்தலின் தொடக்கமாக இருக்கலாம். லினலூல், லிமோனீன் போன்ற நறுமணக் கூறுகள் காற்றுப் பட்டு ஆக்சிஜனோடு சேரச் சேர ஒவ்வாமையைத் தூண்டும் சக்தி கூடும். மூடியைத் தினமும் திறக்கும் புட்டியில் இது கவனிக்க வேண்டிய விஷயம்.

கடைசியில் என் கைக்கு வந்தது பேரங்காடியின் சமையல் எண்ணெய் வரிசையில் இருந்த சாதாரணச் சூரியகாந்தி எண்ணெய். உட்பொருள் ஒன்றே ஒன்று, மணமில்லை, மெல்லியது. 2013-இல் வெளியான ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வில், முன்கையில் சில வாரங்கள் பூசியபோது ஆலிவ் எண்ணெய் தோலின் மேலடுக்கைப் பலவீனப்படுத்தியது. சூரியகாந்தி அதைக் காத்தது. சவர எண்ணெய் முகத்தில் சில நிமிடம்தான் இருக்கும், ஆகவே அந்த முடிவை அப்படியே இங்கே பொருத்த மாட்டேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க மட்டும் அது போதும். சிங்கப்பூர் வெக்கையில் இந்த எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். சின்னப் புட்டியில் ஊற்றிக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய எண்ணெய் எதுவானாலும் முதலில் முழங்கையின் உள்மடிப்பில் காலையும் மாலையும் ஒரு வாரம் தடவிப் பாருங்கள். அரிப்போ சிவப்போ இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். குளித்து முடித்த ஈரத்தோடு மூன்று நான்கு சொட்டு. அதற்கு மேல் போனால் நுரை நிற்காது. நுரையைப் பூசி, முடி வளரும் திசையிலேயே அழுத்தாமல் இழுக்க வேண்டும்.

முகாமில் தினமும் மழித்தே ஆக வேண்டிய தேசிய சேவைத் தம்பிகளை நினைத்துத்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். அவசர அவசரமாக, பல அடுக்கு பிளேடால், காய்ந்த முகத்தில் மழிக்கிறார்கள். முதல் பிளேடு முடியை இழுக்க, அடுத்தது தோல்மட்டத்துக்குக் கீழே வெட்டுகிறது. சுருட்டை முடி வளரும்போது திரும்பித் தோலுக்குள்ளேயே குத்திக்கொள்கிறது. கழுத்தில் வரும் அந்தக் கட்டிகளைப் பரு என்று நினைத்துக் கிள்ளுகிறார்கள். ஒற்றை பிளேடுக்கு மாறினாலே பலருக்குக் குறையும். சீழ் வைத்தாலோ தழும்பு விழுந்தாலோ எந்த எண்ணெயும் வேண்டாம். முகாம் மருத்துவரிடமோ பலதுறை மருந்தகத்திலோ காட்டுங்கள்; தேவைப்பட்டால் மண்டலே சாலையில் உள்ள தேசியத் தோல் மையத்துக்கு அங்கிருந்தே கடிதம் தருவார்கள்.