சத்தம் போடாத வண்டிக்கு என்ன வைத்தியம்?

நியூஜெர்சியில நம்ம மக்கள் நாலு பேர் ஒண்ணாக் கூடினா மூணு விஷயம் பேசாம கலைய மாட்டாங்க. ஒண்ணு கிரீன் கார்டு, ரெண்டாவது வீட்டு விலை, மூணாவது "ஹைபிரிட் கார் வாங்கலாமா, பராமரிப்புச் செலவு எப்படி?". முதல் ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்லீங்க. மூணாவதுக்குக் கொஞ்சம் சொல்ல முடியும். எங்க வீட்டு 2012 மாடல் பிரியஸ் 1,60,000 மைல் தாண்டி இன்னமும் ஓடிக்கிட்டு இருக்கு.

இதுல ரெண்டு கட்சி உண்டு. "செலவே கிடையாது, ஓட்டிக்கிட்டே இருக்கலாம்"னு ஒரு கோஷ்டி. "பேட்டரி போச்சுன்னா சொத்தை விக்கணும்"னு இன்னொரு கோஷ்டி. ரெண்டு பேரும் பாதிப் பாதி சரி.

நல்ல சேதியை முதல்ல சொல்லிடறேன். சாதாரணக் கார்ல காசு பிடுங்குற பல சாமான் இதுல கிடையவே கிடையாது. ஸ்டார்ட்டர் மோட்டார் இல்லை, ஆல்டர்னேட்டர் இல்லை. அந்த ரெண்டு வேலையையும் கியர்பெட்டிக்குள்ள இருக்கற மின்மோட்டார்களே பாத்துக்குது. கிளட்ச் கிடையாது. 2009ல் வந்த மூன்றாம் தலைமுறை பிரியஸ்ல வாட்டர் பம்ப், ஏசி கம்ப்ரசர் எல்லாமே மின்சாரத்துல ஓடறதால, எஞ்சினுக்கு முன்னாடி சுத்துற பெல்ட்டும் இல்லை. இல்லாத பொருள் எப்படிங்க ரிப்பேர் ஆகும்?

அடுத்தது பிரேக். மிதிச்சதும் முதல்ல மோட்டார்தான் ஜெனரேட்டரா மாறி, வண்டியோட வேகத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்கு அனுப்புது. பேடும் டிஸ்க்கும் உரசறது கடைசியில கொஞ்ச நேரம், இல்லேன்னா திடீர்னு ஓங்கி மிதிக்கறப்ப. அதனால ஒரு லட்சம் மைல் வரைக்கும் அதே பேடுல ஓட்டுறவங்க நிறைய பேர் இருக்காங்க.

வம்பே இங்கதான் ஆரம்பம். சாதாரணக் கார்ல பேடு தேஞ்சு, "கீச்"சுன்னு சத்தம் கேட்டு, மெக்கானிக் சக்கரத்தைக் கழட்டுவார். அப்பவே காலிபர் பின் துருப்பிடிச்சிருக்கான்னும் பாத்துடுவார். நம்ம வண்டியில பேடு தேயாது, சத்தமும் வராது, யாரும் கழட்ட மாட்டாங்க. இந்த ஊர்ல பனிக்காலத்துல ரோடு பூரா உப்பைக் கொட்டறாங்களா, அந்த உப்புல பின் இறுகி, ஒருநாள் ஒரு பக்க பிரேக் ஒட்டிக்கிட்டு நிக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை கழட்டி, சுத்தம் பண்ணி, கிரீஸ் போட்டா போதும். ஆனா யாராவது ஞாபகம் வச்சிருக்கணும்.

இதே கதைதான் சின்ன 12 வோல்ட் பேட்டரிக்கும். வண்டியை நகர்த்துற பெரிய பேட்டரி வேற, இது வேற. இதோட வேலை கம்ப்யூட்டர்களை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைச்சு விடறது மட்டும்தான். சாதாரணக் கார்ல இது சாகப் போறப்ப காலைல "கர்ர்ர்... கர்ர்ர்..."னு இழுக்கும், நமக்கும் புரிஞ்சிடும். ஹைபிரிட்ல இது எஞ்சினைச் சுத்தறதே இல்லை. அதனால முந்தின நாள் வரைக்கும் சமர்த்தா இருந்துட்டு மறுநாள் காலைல சுத்தமா மூச்சு விடாது. எங்க வண்டியில இது டிக்கியில இருக்கு. டிக்கி திறக்கவும் மின்சாரம் வேணும் :-) (முன்னாடி ஃபியூஸ் பெட்டியில ஜம்ப் ஸ்டார்ட் பண்ண ஒரு முனை இருக்கு, பயப்படாதீங்க.) நாலு வருஷம் ஆயிட்டா வருஷா வருஷம் டெஸ்ட் பண்ணிடுங்க.

இப்ப எல்லாரும் பயப்படற பெரிய பேட்டரி. எங்க மாடல்ல இருக்கறது நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு, 7.2 வோல்ட் மாட்யூல் 28, மொத்தம் 201.6 வோல்ட். இதுக்கு முக்கிய எதிரி சூடு. அதைத் தணிக்க ஒரு ஃபேன், கார் உள்ளே இருக்கற காத்தை பின்சீட் ஓரத்துல ஒரு சின்ன ஓட்டை வழியா இழுக்குது. அந்த ஓட்டை மேல நாம கோட்டைப் போடுவோம், மளிகைப் பையை வைப்போம்.

நண்பர் ஒருத்தருக்கு 2023ல் வேலை போச்சு. அடுத்த வேலை கிடைக்கற வரைக்கும் தன்னோட பழைய ஹைபிரிட்ல சவாரி ஓட்டித்தான் வீட்டு வாடகை கட்டினார். ஜூலை வெயில்ல ஒருநாள் எச்சரிக்கை விளக்கு எரிஞ்சிடுச்சு. ஒரு பட்டறையில பாத்துட்டு, பேட்டரியை முழுசா மாத்தணும், நாலாயிரம் டாலருக்கு மேல ஆகும்னு எழுதிக் குடுத்துட்டாங்க. காரை வித்தாலே அவ்வளவு தேறாது. மனுஷன் பேயறைஞ்ச மாதிரி வந்து உக்காந்தார். ஹைபிரிட் மட்டுமே பாக்கற நம்ம மெக்கானிக்கிட்ட கூட்டிட்டுப் போனேன். அவர் கம்ப்யூட்டரைச் சொருகி, வண்டியை ஓட்டிப் பாத்துக்கிட்டே ஒவ்வொரு தொகுதியோட வோல்ட்டும் பாத்தார். எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்து இருந்துச்சு. அப்புறம் ஃபேனைக் கழட்டினா, உள்ளே குருவிக்கூடு மாதிரி நாய் முடி! அவங்க வீட்டு லாப்ரடாரோட உபயம். சுத்தம் பண்ண 150 டாலர். மறுநாள் காலைல சவாரிக்குக் கிளம்பிட்டார்.

எல்லாருக்கும் 150 டாலர்ல முடிஞ்சிடும்னு சொல்ல வரலை. பேட்டரிக்கும் வயசாகும். அப்ப கெட்டுப்போன ஒரு மாட்யூலை மட்டும் மாத்தித் தர்றேன்னு மலிவா சொல்வாங்க. மிச்சம் 27ம் அதே வயசுதானே, அடுத்தது கொஞ்ச நாள்ல படுக்கும். வண்டியை வச்சுக்கறதா இருந்தா முழுசா மாத்தறதுதான் நல்லது. அமெரிக்காவுல டொயோட்டா ஹைபிரிட் பேட்டரிக்கு 2020 மாடல் முதல் 10 வருஷம் அல்லது 1,50,000 மைல் வாரன்டி. அதுக்கு முந்தின மாடல்களுக்கு பொதுவா 8 வருஷம் அல்லது 1,00,000 மைல்.

மத்தபடி ஆயில், டயர், ஏர் ஃபில்டர் எல்லாம் எல்லா வண்டிக்கும் உள்ளதுதான். எஞ்சின் பாதி நேரம் தூங்குதேன்னு ஆயில் மாத்தாம விடாதீங்க. குட்டிக் குட்டிப் பயணத்துல எஞ்சின் சரியா சூடாகாது, மைல் ஆகலைன்னாலும் வருஷக் கணக்குக்கு மாத்தணும். கூலன்ட் ரெண்டு: எஞ்சினுக்கு ஒண்ணு, இன்வெர்ட்டருக்கு ஒண்ணு. ரெண்டாவது இருக்கறதே பல பேருக்குத் தெரியாது.

ஆக, சாதாரணக் கார் மூக்கால அழுதுக்கிட்டே இருக்கற புள்ளை. ஹைபிரிட் உடம்பு சரியில்லைன்னா வாயே திறக்காத புள்ளை. செலவு கம்மிதான், ஆனா நாமளே போய் நெத்தியைத் தொட்டுப் பாக்கணும். பழைய ஹைபிரிட் வாங்கறவங்க மைல் எவ்வளவுன்னு மட்டும் கேக்காதீங்க. ஃபேன் எப்ப சுத்தம் பண்ணினீங்க, பிரேக்கை எப்ப கழட்டிப் பாத்தீங்க, வீட்ல நாய் இருக்கான்னும் கேளுங்க.

டிஸ்கி: பானெட்டுக்குள்ள ஆரஞ்சு கலர் கேபிளைப் பாத்தா கையை பாக்கெட்ல வச்சுக்கோங்க. அது உயர் மின்னழுத்தம். ஃபேன் ஓட்டையில வேக்குவம் பிடிக்கறது நம்ம வேலை, ஆரஞ்சு சமாச்சாரம் தெரிஞ்சவங்க வேலை.